சொல்லுக்குச் சொல்

இது எந்த இடம் என்று கேள் என்றார் டாக்டர் ஹிஷாம்.
கேட்டேன்.
"நாங்க கொட்டுன மண்ணு" என்றார் இருளாண்டி.
நான் அரபியில் சொன்னதும்
இடக்குழப்பம் என்று எழுதப் போனது பேனா.
பொறுங்கள் டாக்டர்,
இவர் தூர்வாரும் கப்பலில் ஒன்பது வருஷம்.
முஹரக்கில் இந்தக் கரையே
இவர்கள் குழாயில் கக்கிய கடல்மணல்தான்.
இந்த வார்டு, இந்த மேசை, நம் மூன்று நாற்காலி,
எல்லாம் முந்தாநாள்வரை மீன் போன பாதை.

எனக்கு வேலை மாத்திரை கொடுப்பது,
நாக்குக்கு அடியில் ஒளித்திருக்கிறார்களா என்று பார்ப்பது,
சாப்பிட்டபின் கரண்டி எண்ணுவது.
பதினெட்டு போனால் பதினெட்டு வரவேண்டும்.
தமிழ் ஆள் வந்தால் மட்டும்
எந்த வார்டில் இருந்தாலும் கூப்பிடுவார்கள்:
பனிமயம், உன் பாஷை.

"வயிறு எரியுது"
மச்சான் சுருட்டிய சீட்டுப் பணத்தைச் சொல்கிறார்.
போன வாரம் நான் லீவு.
அல்சர் மாத்திரை எழுதியிருந்தார்கள்.
"செத்துப் பொழச்சு வந்தேன்"
எப்போது முயன்றார், எதைக்கொண்டு என்று டாக்டர் பதறுகிறார்.
இல்லை, அது கேம்ப்பிலிருந்து வந்த பஸ்.
ஏசி வேலை செய்யவில்லை. ஆகஸ்ட்.
"மண்டைக்குள்ள வண்டு கொடையுது"
இதற்கு நான் கொஞ்சம் நின்றேன்.
வண்டு என்று சொன்னால் ஒரு ஊசி,
கவலை என்று சொன்னால் ஒரு மாத்திரை.
வண்டு பேசுதா அண்ணே, சத்தம் மட்டுமா?
அவர் பார்த்த பார்வையில்
பைத்தியம் நான்தான்.
கவலை என்றேன்.

எங்கள் பாஷையில்
பசித்தால் உயிர் போகும்,
சிரித்தால் வயிறு வெடிக்கும்,
வட்டிக்காரன் கழுத்தை அறுப்பான்,
பிள்ளையைக் கொஞ்சும்போது கடித்துத் தின்போம்.
ஒரு நாளைக்குப் பத்துத் தடவை செத்து
ராத்திரி சோறு சாப்பிடுகிறவர்கள்.
இதையெல்லாம் சொல்லிச் சொல்லி
டாக்டருக்குப் பழகிவிட்டது.
அவரே இப்போது கேட்கிறார்:
இது நிஜமா, தமிழா?

அப்புறம் இருளாண்டி
ஆஸ்பத்திரிச் சட்டையின் நுனியை மடித்துக்கொண்டே
காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார்:
"நான் இல்லைன்னா வீட்டுல கணக்கு சரியா வரும்."

உயிர் இல்லை அதில். வயிறு இல்லை, வண்டு இல்லை.
இன்சூரன்ஸ் தொகை, வாங்கிய கடன்,
மகளின் நர்சிங் படிப்பு.
கூட்டிப் பார்த்திருக்கிறார்.
தமிழ்தானே என்பதுபோல்
டாக்டர் என் முகத்தைப் பார்த்தார்.
சொல்லுக்குச் சொல் சொன்னேன்.
நிஜம் என்றேன்.

ஆறு மணிக்குள் ஷூ கயிறு, பெல்ட், சார்ஜர் ஒயர்
ஒரு கவரில் போட்டு அவர் பெயரை எழுதினேன்.
அரைஞாண் கயிற்றைக் கத்தரிக்கும்போது
"நம்ம ஆளுன்னுல்ல உங்கிட்ட சொன்னேன்" என்றார்.

பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை
கதவுக் கண்ணாடியில் நான்.
23:15 தூங்குவதுபோல் இருக்கிறார்.
23:30 அப்படியே.
00:45 சுவர் பக்கம் திரும்பியிருக்கிறார். மூச்சு உண்டு.
நடுவில் தங்கச்சியின் மெசேஜ், எப்படி இருக்க.
கால் வலியில உசுரு போகுதுடி என்று அனுப்பி
உடனே அழித்தேன்.
கால் வலி என்று மட்டும் திரும்ப அனுப்பினேன்.
என்னாச்சு, ஏன் ஒரு மாதிரி பேசுற என்கிறாள்.

02:15 எனக்குப் பதில் மாரிவிக் பார்த்தாள்.
நாலரைக்கு அவர் தரையில் உட்கார்ந்து
உள்ளங்கையைப் பதித்திருந்தார்.
"கீழ தண்ணி ஓடுது."
என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.
குனிந்து நானும் கை வைத்தேன்.
ஏசியின் அதிர்வாக இருக்கலாம்.
"டீ கெடைக்குமா?"
காகிதக் கப்பில், விதிப்படி ஆறவைத்துக் கொடுத்தேன்.
ஒரு வாய் குடித்துவிட்டு
"கழனித்தண்ணி" என்றார்.

பதிவேட்டில் எழுதினேன்:
04:30 விழித்திருக்கிறார். தேநீர் கேட்டுக் குடித்தார்.
ருசி சரியில்லை என்கிறார்.