கூடையை எடுத்த பிறகு

பெல்மீரு கொடுத்தது ஒரே ஒரு தகர டப்பா.
துருவும் எண்ணெய்க் கறையும் தின்றது போக
மேல்தாள் மட்டும் பிழைத்திருந்தது:
கடல், படகு, காயும் வலை,
தலையில் மீன்கூடையோடு வரும் ஒருத்தி.
அச்சுக்கல்லும் மூலப்படமும்
எந்த மழையில் போயின என்று அவருக்கே தெரியாது.
“எல்லாம் இதிலேயே இருக்கிறதே” என்றார்.
“தனித்தனியாகப் பிரித்துக் கொடுங்கள்.
மத்தியை எடுத்துவிட்டுக் கானாங்கெளுத்தி போட வேண்டும்.
படகு கொஞ்சம் இடப்பக்கம் நகரட்டும்.”

நகரட்டும்.
தாளில் இருப்பது படகில்லை, பெல்மீரு,
படகு நிறத்தில் கொஞ்சம் மை.
அதன் அடியில் கடல் கிடையாது.
தூக்கினால் தெரிவது
சாம்பலும் வெள்ளையுமாய்ச் சதுரங்கக் கட்டம்,
ஒன்றுமில்லை என்பதற்குக்
கணினி விரித்துவைத்திருக்கும் பாய்.

மத்தோசின்யோஷில் பிப்ரவரி.
மூன்று நாளாகத் தூறல்.
நான் வலையை வெட்டிக்கொண்டிருந்தேன்.
வலையை வெட்டுவதென்றால்
வலை இல்லாத இடங்களை வெட்டுவது.
ஒவ்வொரு கண்ணிலும் ஒரு நகக்கீற்று மணல்.
எண்ணிக்கை நூற்று நாற்பதில் தவறியது,
முதலிலிருந்து எண்ண மனமில்லை.
மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டேன்.

நிழல்தான் தகராறு.
துறைக்கல்லில் விழுந்த நீலத்தில்
பாதி அவளுடையது, பாதி படகுடையது,
பாகப்பிரிவினையில் பொதுச்சுவர் மாதிரி.
இரண்டு அடுக்கிலும் ஒவ்வொரு பிரதி வைத்தேன்
அரைவாசி அடர்த்தியில்.
யாரும் வழக்குக்கு வரவில்லை.

அடுக்குகளுக்குப் பெயர் வைக்க வேண்டும்.
கடல் ஒன்று. கடல் இரண்டு. எழுத்து. பழைய மீன்.
அவளுக்குப் ‘பெண்’ என்று போட்டேன்.
சாப்பிட்டு வந்து அதை அழித்துவிட்டு
‘லுத்கார்தா’ என்று மாற்றினேன்.
காரணம் கேட்காதீர்கள்.

வியாழக்கிழமை பெல்மீரு வந்தார்,
ஈரக் குடையை ஸ்கேனர்மேல் வைத்தார்.
“மீனை அணையுங்கள்.”
அணைத்தேன்.
“கூடையை?”
கூடைக்கு எதிரே இருந்த கண்ணை மூடினேன்.

புருவத்தோடு நின்றுபோனாள் லுத்கார்தா.
அதற்கு மேல் கட்டம் கட்டமாய்ப் பாய்.
வரைந்தவன் எவனோ,
கூடைக்கு அடியில் அவளுக்கு ஒரு தலை
வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

“இருங்கள்” என்றேன்.
முந்தின இரவு தூக்கம் வராமல் வரைந்த கூந்தல்
தனி அடுக்கில் இருந்தது,
நடுவகிடு, இழுத்துக் கட்டிய கொண்டை,
காதோரம் பிரிந்த ஒற்றை முடி.
அதைத் திறந்தேன்.

இரண்டு கைகளும் உயர்ந்திருந்தன.
அவற்றில் ஒன்றுமில்லை.
கழுத்து மட்டும்
இன்னும் சுமந்துகொண்டிருந்தது.

பெல்மீரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.
“யாரையோ கூப்பிடுகிறாள்” என்றார், வெகுநேரம் கழித்து.
எனக்கு அப்படித் தெரியவில்லை.
துப்பாக்கிக்கு முன்னால் நிற்பவர்களும்
அப்படித்தான் தூக்குவார்கள்.
சொல்லவில்லை. பாதிப் பணம் பாக்கி.

“கழுத்தைக் கொஞ்சம் தளர்த்த முடியுமா?”
முடியும்.
தோளைத் தனியே வெட்டி இரண்டு பாகை சாய்த்தேன்,
சட்டைக்காலருக்கு அடியில்
இல்லாத தோலைக் கொஞ்சம் வளர்த்தேன்.
நாற்பத்து மூன்று அடுக்குகள்.
படகை மறந்தேபோனார்.

“அப்போது கூடை?”
“வேண்டாம். மீன்தான் டப்பாவுக்குள் இருக்கிறதே.”

அச்சகத்துக்கு ஒரே தாளாய்ப் போக வேண்டும்.
எல்லாவற்றையும் தட்டையாக்கச் சொன்னேன்.
கணினி கேட்டது:
மறைத்துவைத்த அடுக்குகளை விட்டுவிடலாமா?

ஆம் என்று அழுத்தினேன்.
அதற்கு முன்
வேறு பெயரில் ஒரு பிரதி சேமித்துக்கொண்டேன்.
கூடை அதில் இருக்கிறது,
மத்தி நிறைய,
கண்ணை மூடிக்கொண்டு.