தூண்டில் வளைவு

சித்திரை பத்து. தடை விழுந்து ஒன்பது நாள்.
காசிமேட்டில் படகுகள் தோளோடு தோள் உரசி
பெயின்ட் வாசத்தில் தூங்குகின்றன.
எங்கள் ‘ஜெயசீலி’யின் வின்ச்சைக் கழற்றி
கிரீஸ் போட்டு, சாக்கில் சுற்றியாயிற்று.
ஆனி பிறக்கும்வரை இந்தக் கைகளுக்கு
வேலை என்று ஒன்று இல்லை.

நாற்பது ரூபாய்க்கு இறால் வாங்கினேன்.
வாங்கினேன் என்று சொல்லவே கூசுகிறது,
கூடை கூடையாய் இறக்கிப் போட்ட கை.
சோடா பாட்டிலில் நரம்பைச் சுற்றிக்கொண்டு
கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில்
திருவொற்றியூர்க் கல்லில் போய் இறங்கினேன்.

அரசாங்கக் காகிதத்தில் இதற்குப் பெயர் தூண்டில் வளைவு.
கடல் ஊரைத் தின்னாமல் இருக்கப் போட்ட கல்.
இருபத்திரண்டு வருஷமாய் இதைத் தாண்டிப் போகிறேன்,
விடியாத இருட்டில், டீசல் புகையில்.
பெயருக்குள் ஒரு தூண்டில் கிடப்பதை
இன்றுதான் பார்த்தேன்.

கல் நுனியில் ஏற்கெனவே ஒருவர்.
பெரம்பூர் லோகோவில் வேலையாம், பெயர் ரெஜினால்ட்.
கார்பன் கம்பு, ஜப்பான் ரீல்,
நிஜ மீனைவிட அழகாய் ஒரு பொய் மீன்,
வயிற்றில் முள்ளோடு.
வீசுவார். சுற்றுவார். வீசுவார்.
“கொடுவா வரும் சார், தண்ணி ஏறட்டும்.”
என்னை சார் என்று கூப்பிட்ட முதல் ஆள்.
“புடிச்சி?”
“போட்டோ எடுத்துட்டு விட்ருவேன்.”
நான் சிரிக்கவில்லை.
எங்கள் மடியில் ஓர் இழுப்புக்கு முந்நூறு கிலோ விழும்,
அதில் ஒன்றின் முகத்தையும் நான் பார்த்ததில்லை.

தெண்டி நீரோட்டம் நரம்பை வடக்கே வளைத்தது.
ஏழு மணி இருக்கும்.
முதலில் ஒரு கொத்தல், கோழி அரிசி பொறுக்குவதுபோல்.
அப்புறம் ஒரே இழு, கல்லுக்கு அடியில்.
வின்ச் இழுக்கையில் கைக்கு எதுவும் தெரியாது.
ரோப் விறைக்கும், படகு குனியும், அவ்வளவுதான்.
இங்கே ஆள்காட்டி விரலின் மடிப்பில்
ஓர் உயிர் ‘மாட்டேன்’ என்றது.
அது திரும்பிய திசை, அதன் கோபம்,
இளைப்பாற நின்ற ஒரு நொடி
எல்லாம் விரலுக்கு வந்தது.
“விட்டுப் பிடி சார், விட்டுப் பிடி!”
போட் டிரைவருக்கு மீன் பிடிக்கச் சொல்லித் தருகிறார்
ரயில்வேக்காரர்.
விட்டேன். பிடித்தேன்.
விரலை அறுத்துக்கொண்டு ஏறியது நரம்பு.

களவா. முக்கால் கிலோ தேறாது.
பழுப்புப் புள்ளி, தூக்கம் கெட்டவன் வாய்.
அவர் போனில் நானும் அதுவும்.
“விடுறீங்களா?”
“வீட்ல மசாலா அரைச்சிருப்பா சார்.”

மரகதவல்லி ஏலத்தில் நிற்கிறவள்.
தராசுக் கண்ணால் ஒருமுறை பார்த்தாள்.
“இறால் நாப்பது, ஆட்டோ அறுபது.
அந்த இறாலையே தொக்கு பண்ணியிருக்கலாம்.”
மாங்காயைக் கீறிப் போட்டாள் ஆனாலும்.
தலையை எனக்கு வைக்காமல் தானே எடுத்துக்கொண்டாள்.
கன்னச் சதையைக் கிள்ளி, முள்ளை உறிஞ்சி,
வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

எனக்குக் குழம்பு பட்ட இடமெல்லாம்
விரலில் அந்தக் கோடு எரிந்தது.

ராத்திரி தண்ணீருக்கு ஃப்ரிட்ஜைத் திறந்தால்
நாளைக்கு உரித்து வைத்த இறாலுக்குப் பக்கத்தில்
சின்னக் கிண்ணத்தில் தனியாய் ஐந்து,
தலையோடு, தோலோடு.