கடைமடை, நாற்பது மீட்டர்

எங்கள் தாலுகாவில் அருவி கிடையாது.
தண்ணீர் இங்கே விழுவதில்லை, படுத்துக்கொள்கிறது.
திரையில் மேலிருந்து கீழாக நீலம் சரியத் தொடங்கியதும்
இதற்கு அருவி என்று பேராம்.
சிரித்துவிட்டேன், தனியாக,
கடை ஷட்டரை முக்கால் இறக்கி வைத்துக்கொண்டு.

பகலில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் நான்.
திருத்துறைப்பூண்டி, வேதை சாலை.
மிச்சம் விழுந்த செப்புக் கம்பியில் இருபது மீட்டர்,
பக்கத்துக்குப் பத்தாக
மாடிக்கும் தென்னைக்கும் இடையில் தொங்குகிறது.
லேப்டாப், மச்சினிக்கு அரசாங்கம் கொடுத்தது.
விண்டோஸ் செத்து லினக்ஸில் பிழைத்தது.

ரேடியோவுக்கு ஒயரை நானே பற்றவைத்தேன், குறையில்லை.
ஆனாலும் மூன்று ராத்திரியாக ஒரே வரி:
அனுமதி மறுக்கப்பட்டது.
யாருக்கு?
என் ஒயர், என் கரண்ட் பில்.

டயல்அவுட் என்று ஒரு குழு இருக்கிறதாம் உள்ளே.
அதில் என் பெயர் இல்லை.
கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் இல்லாதவனுக்கு
யூரியா இல்லை என்பார்களே, அந்தக் கணக்கு.
ஒரு கட்டளை அடித்துச் சேர்ந்தேன். அப்போதும் மறுப்பு.
வெளியே போய் மறுபடி உள்ளே வரணும்,
அப்போதுதான் முகம் தெரியும் அதற்கு.
போனேன். வந்தேன். திறந்தது.

முதல் அழைப்பு
ரேடியோவுக்குப் போகாமல் லேப்டாப் ஸ்பீக்கரில் ஊளையிட்டது.
எதிர்ச்சாரி நாய் எழுந்து உட்கார்ந்து
அதே சுருதியில் பதில் சொன்னது.
பதிவேட்டில் எழுதவில்லை.

சவுண்ட் கார்டை மாற்றிக் கொடுத்தபின்
அருவி முழுக்க ஆரஞ்சு. ஒரே இரைச்சல்.
டியூப்லைட்டை அணைத்தேன். ஃபேனை அணைத்தேன்.
வேர்வையில் உட்கார்ந்து ஹெட்போனை அழுத்திக் கேட்டேன்.
சரசர, சர, சரசரசர...

தெரியும் எனக்கு இந்தச் சத்தம்.
தெட்சிணாமூர்த்தி வயல் ஸ்டார்ட்டர்.
ஆடியில் அந்த மோட்டாரைக் கட்டியவன் நான்தான்.
காண்டாக்ட் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடலாம் என்றேன்.
அறுப்பு முடியட்டும் என்றார்.

பத்து நிமிஷ நடை. டார்ச் இருக்கிறது.
போய் அணைத்துவிட்டு வந்தால் யாருக்கும் தெரியாது.
மேட்டூர் திறந்து இருபத்திரண்டு நாள்,
எங்கள் வாய்க்காலில் இன்னும் ஆடு மேய்கிறது.
தண்ணீர் வந்திருந்தால் அந்த மோட்டார் ஏன் ஓடுகிறது?
அவர் நாற்றங்கால் குடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.
பெரிய மனசென்று இல்லை. பாதையில் பாம்பு.

இரண்டே கால். த்ரீ ஃபேஸ் போனது.
ஆரஞ்சு முழுக்க ஒரே மூச்சில் வடிந்தது.
அடியில் மெல்லிய கோடுகள்,
வண்டல் தெளிந்து தரை தெரிகிற மாதிரி.
ஆனால் ஓர் எழுத்தும் வாசிக்க மாட்டேன் என்றது லேப்டாப்.

கடிகாரம். உள்ளிருந்த பொத்தான் பேட்டரி எப்போதோ காலி.
உலகத்துக்கு நான் ஆறு நொடி பின்னால்.
செல்போன் நெட்டைக் கொடுத்து நேரத்தைத் திருத்தினேன்.

விழுந்தன வரிகள்.
இத்தாலி. கஜகஸ்தான். யாரோ ஒரு கப்பல்காரன்.
பதினைந்து நொடி அவர்கள், பதினைந்து நொடி நாம்.
முறைப்பாசனம், ஆனால் எவனும் மடையை உடைப்பதில்லை.

அழைத்தேன். என் குறி, என் கட்டம்: எம் கே தொண்ணூறு.
தஞ்சாவூரும் நாகப்பட்டினமும் அதே கட்டம்தான்,
தலைமடை கடைமடை அதற்குத் தெரியாது.
ஏழாவது தடவை ஒருவன் திரும்பினான். பின்லாந்து.
என்னைக் கேட்ட அளவு: கழித்தல் பத்தொன்பது.
இரைச்சலுக்கும் கீழே, தரையோடு தரையாக.
என்றாலும் வந்து சேர்ந்திருக்கிறேன்.
அவன் அளவை நான் சொன்னேன்.
எழுபத்து மூன்று என்றான். எழுபத்து மூன்று என்றேன்.
மழை உண்டா என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

காலையில் தெட்சிணாமூர்த்தி
ஃபியூஸ் கம்பி வாங்க வந்தார்.
காண்டாக்ட் இன்றைக்கே மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன்.
கம்பியைக் கீழே வைத்துவிட்டு
என்னை மேலும் கீழும் பார்த்தார்.