பதினோரு நிமிடம்

இரக்கம் என்பது எங்கள் பக்கத்தில்
ஒரு தீவின் பெயர்.
ஆரம்பாக்கம் தாண்டிப் படகேற வேண்டும்.
ஆந்திராவில் சேர்த்தி, பேச்சில் பாதி தமிழ்.
முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்,
இனி அந்தச் சொல் வந்தால்
தீவைத்தான் சொல்கிறேன்.

செவ்வாய் விடியலில் படகு கவிழ்ந்தது.
மூன்று பேர் நடந்தே கரையேறினார்கள்.
இடுப்பளவு ஏரிதான்,
ஓட்டம் இழுக்கிற இடத்தில் மட்டும் ஆழம்.
நான்காவது ஆள் தேசய்யா, பத்தொன்பது வயது.
மதியம் வேறொருவர் வலையில் கிடைத்தான்.

கும்மிடிப்பூண்டியில் மொபைல் கடை மாடியில்
உள்ளூர்ச் சேனலுக்கு வெட்டி ஒட்டுகிறவள் நான்.
ஒரே சாவு
எட்டு மணிக்குத் தமிழில் போகும்,
எட்டரைக்குத் தெலுங்கில்.
தமிழுக்கு நாதஸ்வரம், தெலுங்குக்கு வயலின்.
ஏனென்று முதலாளிக்கே தெரியாது.

ரமணய்யா அனுப்பியதில்
தாய் போலம்மா பதினோரு நிமிடம் பேசுகிறாள்.
அழவில்லை.
எஞ்சினுக்கு டீசல் கடன் நானூறு ரூபாய்,
அதை யார் தருவது என்கிறாள்.
வலை புதுசு, சரியாக நனையக்கூட இல்லை என்கிறாள்.
சோறு தின்னாமல் போனான் நாய்ப்பயல் என்கிறாள்.
திரும்ப டீசலுக்கு வருகிறாள்.
நடுவில் கேமராவைப் பார்த்து
"நீ சாப்பிட்டியாப்பா?"

இதில் எங்கே கத்தி வைப்பது?
எந்த இருபது நொடியை எடுத்தாலும்
அவள் பணத்தாசைக்காரி ஆகிவிடுகிறாள்.
பதினோரு நிமிடமும் போட்டால்தான் தாய்.
பதினோரு நிமிடம் யார் தருவார்?

அதே கார்டில் இன்னொரு முகம் கிடந்தது.
செங்கம்மா, இறால் கூடை எண்ண வந்தவள்.
வெயிலுக்குக் கண்ணை இடுக்கி
ஏரியைப் பார்க்கிறாள்.
நான்கு நொடி.
முன்னால் கவிழ்ந்த படகை வைத்தேன்,
பின்னால் ஒற்றைச் செருப்பை
(யாருடையதோ).
நான்கு நொடியை ஒன்பதாக இழுத்தேன்.
தண்ணீரில் நின்று பீடி பற்றவைத்தவனைச்
சட்டகத்துக்கு வெளியே தள்ளியதும்
ஏரி ஆழமானது.
அலைச்சத்தம் வேறு ஏதோ கடலுடையது.

மறைக்க மாட்டேன், சின்னதாய் ஒரு பெருமை வந்தது.
அந்த முகத்தில்
அவள் சிந்தாத கண்ணீர் ஏறிக்கொண்டே போனது.
எனக்கே தொண்டை அடைத்தது,
செய்தவளுக்கே.

எட்டு மணிக்குத் தடா டீக்கடையில்
செங்கம்மா அதைப் பார்த்திருக்கிறாள்.
"பாவம், யார் பெத்த தாயோ" என்று மூக்கைச் சிந்தினாளாம்.
ஜாக்கெட்டின் தையல் விட்ட தோளைப் பார்த்த பிறகுதான்
அது தானென்று தெரிந்ததாம்.
தெரிந்த பிறகும்
அழுகையை நிறுத்த முடியவில்லையாம்.

மறுநாள் காலை
இரக்கத்திலிருந்து போலம்மா வந்தாள்.
தீவைத்தான் சொல்கிறேன்.
நேரே செங்கம்மா வாசலுக்குப் போய்
கோபத்துக்குத் தெலுங்கில் ஒருமுறை,
சந்தேகத்துக்குத் தமிழில் ஒருமுறை கேட்டாள்:
"என் பையனுக்கு நீ என்ன ஆகணும்?"
"ஒண்ணும் ஆகணும்னு இல்லக்கா.
வெயில். கண்ணு கூசிச்சு."
கூடி நின்றவர்கள் சிரித்தார்கள்.
அவர்கள்தான் கண்ணால் பார்த்தார்களே, டிவியில்.

போலம்மா சிரிக்கவில்லை.
அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.
என்ன கிடைத்ததோ,
கூடைமேல் உட்கார்ந்து
டீசலில் இருந்து ஆரம்பித்தாள்.
நானூறு ரூபாய், புது வலை, தின்னாத சோறு.
செங்கம்மா குறுக்கே பேசவில்லை.

இதையெல்லாம் போனில் சொன்ன ரமணய்யா
குரலைத் தணித்து, "இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காங்க,
எடுக்கட்டுமாக்கா?" என்றான்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"முகத்தில் வெயில் படுதா?" என்று கேட்டேன்.