ஒன்றரைக்குக் கீழே

அந்த எண்ணைத் தட்டியவை என் விரல்கள்தாம்.
ஒன்று புள்ளி ஐந்து.
அதற்குக் கீழே வரும் அதிர்வெல்லாம் இரைச்சல்:
டிராக்டர், லாரி, கடற்காற்று,
தொழுவத்தில் மாடு கால் மாற்றி நிற்பது.

பொய் சொல் என்று யாரும் சொல்லவில்லை.
கூட்டத்தில் ஒருவர், ஒன்று போதும் என்றார்.
ஒன்று வைத்தால் தினமும் எத்தனை பேருக்குப் பதில் எழுதுவது
என்றார் இன்னொருவர்.
வெளியே சூப் ஆறிக்கொண்டிருந்தது.

நெதர்லாந்தின் வடகோடி. கிழங்கு வயல்கள்.
மூன்று கிலோமீட்டர் ஆழத்தில்
நாடே குளிர்காயும் எரிவாயு.
என் வீட்டுச் சூடும் அங்கிருந்துதான்.

ஹேஸ்கா வீர்சமாவின் கடிதங்கள்
என் மேசைக்கு வந்தன. பதினேழு.
படுக்கையறைச் சுவரில் விரிசல்.
குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை ஒட்டி
தேதி எழுதி வைத்திருக்கிறாள்.
உடைகிறது. வேறொன்று ஒட்டுகிறாள்.
உடைகிறது.
நாய் எழுந்த நேரம், அலமாரித் தட்டுகள் பேசிய நேரம்,
மாடு பால் தர மறுத்த நாள்
எல்லாம் பத்தி பிரித்து, கோடு போட்டு.
என் பதிவேடுகூட அத்தனை சுத்தமில்லை.

"எங்கள் கருவியில் எதுவும் பதிவாகவில்லை."
பதினேழு முறை எழுதினேன்.
உண்மைதான்.
கருவி நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது.
அங்கே நல்ல சாலை இருந்தது, மின்சாரம் இருந்தது,
சாவி வைத்திருக்க ஓர் ஆள் இருந்தார்.

பிறகொரு நாள் முப்பத்தொரு வீட்டுக்காரர்கள்
உடைந்த கண்ணாடிகளைப் பால்கேனில் சுமந்துபோய்
நகரமன்ற மேசையில் கவிழ்த்தார்கள்.
அந்தச் சத்தம்
எல்லாச் செய்தியிலும் பதிவானது.

கருவி வந்தது.
தேவாலய நிலவறையில் நானே பொருத்தினேன்.
ஹேஸ்கா டார்ச் பிடித்தாள்.
எந்த எண்ணிலிருந்து கணக்கு என்று கேட்டாள்.
சொன்னேன்.
"ஒன்று புள்ளி இரண்டுக்கே
என் கட்டில் விழித்துக்கொள்ளுமே" என்றாள்,
கோபமில்லாமல்,
அடுத்த திருகாணியை எடுத்து நீட்டியபடி.

இந்த ஆண்டறிக்கையில் ஒரு வரைபடம்.
கருவி வைத்த மாதம் வரை தட்டையான கோடு.
அப்புறம் முள்ளுமுள்ளாக.
அடியில் சின்ன எழுத்தில்:
இப்பகுதியில் நில அதிர்வுகள்
அண்மையில் தொடங்கியவை.

அந்த வாக்கியமும் என்னுடையதே.

பதினெட்டாவது கடிதம் வந்திருக்கிறது.
உறை கனக்கிறது.
அசைத்தால்
உள்ளே கலகலக்கிறது.