ஏழு நாற்பது பேருந்தின் ஓட்டுநர்

பதினோரு வருடமாகக் காலை ஏழு நாற்பது பேருந்தில்
அவருடைய பின்மண்டையை மட்டுமே பார்த்திருக்கிறேன்.
நரைத்த முடி, காலருக்கு மேல் ஒரு சதைமடிப்பு,
மழைநாளில் பனிபடர்ந்த கண்ணாடியைத் துடைக்க நீளும் கை.
ட்ரியோர்க்கி மலைச்சாலையின் ஒவ்வொரு வளைவிலும்
முப்பது பேர் அந்தத் தலையை நம்பித்தான்
செய்தித்தாளை மடக்காமல் படிப்பார்கள்.

இன்று என் அறைக்கு வந்திருக்கிறார்.
நூலகத்தின் பின்கட்டு, ஜன்னலில் கறுப்புத் திரை.
"கெதின் ப்ரோசர், ஐம்பத்தெட்டு வயது"
கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொள்கிறார்.
போன வருடக் கடிதமும் அதற்கு முந்தைய கடிதமும்
ரொட்டிப் பெட்டிக்கு அடியில் கிடந்தனவாம்.
மனைவி கண்டுபிடித்தாராம்.
கிடந்தன என்றுதான் சொன்னார்,
வைத்தேன் என்று சொல்லவில்லை.

முதலில் எழுத்துப் பலகை.
கடைசிக்கு முந்தைய வரியில் தடுமாறி
"எஃப். இல்லை, பி. எது வேண்டும் உங்களுக்கு?"
மீன் கடையில் பேரம் பேசுவதுபோல் கேட்கிறார்.
தெரிவதைச் சொன்னால் போதும் என்கிறேன்.

பிறகு சொட்டு மருந்து.
எரியும், சோப்பு பட்டதுபோல.
பத்து எண்ணுவதற்குள் அடங்கிவிடும்.
தொண்டையில் கசப்பு இறங்கினால் பயப்படாதீர்கள்,
கண்ணிலிருந்து மூக்குக்கு ஒரு சந்து உண்டு.
"முப்பது வருஷமா ஓட்டுறேன்,
இந்தச் சந்து தெரியாமப் போச்சே"
கண்ணீரைத் துடைத்தபடி சிரிக்கிறார்.

பாவை விரிய இருபது நிமிடம்.
நடைபாதை நாற்காலியில் க்ளெனிஸ் அம்மாள்
பின்னல் ஊசியோடு அமர்ந்திருக்கிறார்,
கண்ணி தெரியவில்லை, விரல் நிற்கவில்லை.
அவர் பக்கத்தில் கெதின்
செல்பேசியைத் தள்ளிப் பிடிக்கிறார்,
இன்னும் தள்ளி,
கை தீர்ந்துபோகிறது.

தாடை இங்கே. நெற்றி அந்தப் பட்டையில்.
எதுவும் கண்ணைத் தொடாது.
காற்று அடிக்காது, அது வேறு இயந்திரம்.
பச்சைப் புள்ளியைப் பாருங்கள்.
இமைத்துக்கொள்ளுங்கள்.
இப்போது இமைக்காதீர்கள்.

வெளிச்சம்.

ஒரு கண்ணுக்கு இரண்டு, மொத்தம் நான்கு.
அவருக்கு உலகம் ஊதாவாகிக் கரைகையில்
எனக்குத் திரையில் விரிகிறது
செம்மண் நிறத்தில் ஓர் ஊர்.
மஞ்சளாய் ஒரு வட்டம், பணிமனைபோல.
அங்கிருந்து கிளம்பிய தடங்கள்
பிரிந்து, மெலிந்து,
ஆளில்லாத நிறுத்தங்களில் முடிகின்றன.
இடது கண்ணில், ஒரு வளைவுக்கு அருகே
சிவப்பாய் மூன்று புள்ளிகள்.
கடுகை உடைத்த துகளளவு.
வலிக்காது. வலித்திருந்தால்
ரொட்டிப் பெட்டி அந்தக் கடிதங்களை மறைத்திருக்காது.

"ரோடு எப்படி இருக்கு?"

படம் தெளிவாக வந்திருக்கிறது என்கிறேன்.
அதற்கு மேல் சொல்வது என் வேலையில்லை.
கார்டிஃபில் வேறு இருவர் பார்ப்பார்கள்,
ஆறு வாரத்தில் கடிதம் வரும்.
பலருக்கும் இப்படிப் புள்ளிகள் உண்டு,
பலருக்கு அவை அங்கேயே நின்றுவிடும்.
இதையும் சொல்லவில்லை.

"என் லைசென்ஸ்?"
கடிதம் வரட்டும்.
"கடிதத்தை எங்கே வைக்கணும்னு சொல்லுங்க."
கதவிலே ஒட்டுங்கள் என்றேன்.

கடைசி ஆள் அவர்தான். சேர்ந்தே வெளியே வந்தோம்.
மார்ச் வெயில் ஈரக் கூரைகளில் பட்டுத் தெறிக்க
மனைவியின் ஊதாச் சட்டக் குளிர்கண்ணாடியை மாட்டிக்கொண்டு
கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவர்போல் நின்றார்.
"வர்றது எந்த வண்டி?"
முப்பத்தொன்று.
"நம்ம வண்டி" என்றார்.

ஓட்டியது கேரிஸ். போன மாதம் சேர்ந்த பெண்.
கண்ணாடியைப் பார்த்துச் சீட்டியடித்தாள்.
அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.
பேருந்துக்குள் முதல்முறை
அவர் முகத்தைப் பக்கவாட்டில் பார்க்கிறேன்:
மூக்கில் ஒரு பழைய வடு,
உதட்டில் ஓசையில்லாத கணக்கு.

பெரிய வளைவு வந்தபோது
அவருடைய வலதுகால்
வெறுந்தரையை அழுத்தியது.
என் காலும்.