பதினொரு நிமிடம்

விடிய ஐந்தே முக்காலுக்கே தொலைபேசி தொடங்கிவிட்டது.
கிண்ணியாப் பாலத்துக்கு அந்தப் பக்கம்
மூதூர் பஸ் முக்கி முக்கி நின்றுவிட்டதாம்.
கியர்ப்பெட்டி.
நாற்பத்தாறு பேர் நடுறோட்டில்.
அதில் ஒருவர் பிராந்திய அலுவலகத்துக்கு வேண்டியவர்.

பிராந்தியம் என்மேல் கத்தியது.
நான் முபாறக்மேல் கத்தினேன்,
டிப்போ முற்றத்தில்,
பஸ் கழுவுகிற பையன்கள்
குழாயைப் பிடித்தபடி பார்த்திருக்க.
மேலிருந்து விழுந்ததைக் கீழே தள்ளிவிட
சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுகிற நேரம் போதும்.

அவர் எதிர்த்துப் பேசவில்லை.
பதிவுப் புத்தகத்தை விரித்து
என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
செவ்வாய். மூதூர் வண்டி. கியரில் சத்தம், பார்க்கவும்.
பக்கத்தில் பச்சை மையில் ஒரு கையெழுத்து.
வாசிக்காமல் வைக்கிற கையெழுத்துக்கு
வால் கொஞ்சம் நீளம்.
என்னுடையதுதான்.

ஒருமுறை பயிற்சிக்கு அனுப்பினார்கள்.
குளிரூட்டிய மண்டபம், கட்லட், பெயர் அட்டை.
நாலு எண்ணி மூச்சை இழுக்கச் சொன்னார் ஒருவர்.
நாலு எண்ணுவதற்குள்
எனக்கு இரண்டு அழைப்பு வந்துவிடும்.

ஆகவே நானே ஒன்று வைத்திருக்கிறேன்.
மதியம், டச்பே கடலோரம்,
ஸ்கூட்டி இருக்கைக்கு அடியில் போனைப் பூட்டிவிட்டு
மேலே ஏறி உட்காருவேன்.
பதினொரு நிமிடம்.
பத்து என்றால் யாரோ அனுமதித்தது போலிருக்கும்.
பன்னிரண்டில் குற்றவுணர்வு வந்துவிடும்.
இருக்கை கீழே உறுமிக்கொண்டே இருக்கும்.
அடைகாக்கிற கோழி மாதிரி அசையாமல் இருப்பேன்.
கடல் ஒன்றும் சொல்லித் தராது.
அதற்கு அதன் வேலை.

இன்றைக்கு ஒன்பதாவது நிமிடத்தில்
கோட்டைப் பக்கமிருந்து ஒரு மான் வந்தது.
கூடைக்குள் தலையை விட்டு
அடுத்த கிழமைக் கடமைப் பட்டியலை உருவியது.
முதலில் திலகசிறியின் ஞாயிறு லீவு,
பிறகு கந்தளாய் இரவுச் சேவை,
கோணேசபிள்ளையின் மேலதிக நேரம்.
அவசரமே இல்லாமல் மென்றது.
விரட்டக் கை எழவில்லை.
நாலு நாளாக நான் மென்று முடியாததை
அது இரண்டு நிமிடத்தில் விழுங்கிவிட்டுப் போனது.

திரும்பி வந்தேன்.
அதே முற்றம், அதே பையன்கள், அதே குழாய்.
"அது என்ட கையெழுத்து, முபாறக்.
நான் வாசிக்கயில்ல.
உங்களில கத்தினது பிழை."
பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை.
"நிலாவெளி வண்டியிலயும் அதே சத்தம்தான், மிஸ்"
என்று புத்தகத்தை நீட்டினார்.
நின்றபடியே வாசித்தேன்,
திகதி, வண்டி எண், எழுத்துப்பிழை எல்லாம் சேர்த்து.
பிறகுதான் பேனையைத் திறந்தேன்.
வால் குட்டையாக வந்தது.

போன் அடித்தது. பிராந்தியம்.
மூன்று மணி அடிக்கவிட்டு எடுத்தேன்.
பட்டியல் எங்கே என்றார்கள்.
மான் தின்றுவிட்டது என்றேன்.
மறுமுனையில்
கொஞ்ச நேரம்
யாரும் கத்தவில்லை.